காலி நாற்காலிக்கு வந்த மதிப்பீடு

உலகத்தில் நடக்கும் கலை ஆராய்ச்சியில் பாதி என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. சரி, பாதி என்பது என் வாய்க்கொழுப்பு. ஒரே ஒரு ஆய்விதழ் அங்கே பிறந்தது, அது சத்தியம்.

பிறக்க வைத்தவள் தங்கை மகள். ஓவியங்களில் வரும் காலி நாற்காலிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. நெறியாளரின் அறை வாசலில் நான்கு வருடம் கால் கடுக்க நின்றவளுக்கு வேறென்ன தலைப்பு தோன்றும்? அவர் அகப்படும் நாளில் பக்கத்தின் மூலையில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கொடுப்பார். பக்கத்தைப் பார்த்தார், எழுத்தை அல்ல.

ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு மாதமே பாக்கி. அதற்குள் வல்லுநர்கள் படித்துத் தேர்ந்தெடுக்கும் இதழில் ஒரு கட்டுரை வரவேண்டும். இல்லையேல் பட்டம் கிடையாது. பெரிய இதழ்களோ, மாணவி என்றதும் இரண்டு வருடம் காத்திரு என்றன.

“அப்ப நம்மளே ஒண்ணு ஆரம்பிப்போம்டி, நம்மள மாதிரி ஆய்வு மாணவர்களுக்குன்னே” என்றாள் கூடப் படிக்கும் தோழி. மேசை முழுக்கக் கட்டுரைகள். தங்கை மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

எழுதியவர் பெயர் வல்லுநருக்குத் தெரியக்கூடாது, வல்லுநர் பெயர் எழுதியவருக்குத் தெரியக்கூடாது. அதுதான் விதி. ஆகவே இவள் கட்டுரையைத் தோழி அனுப்பினாள். மூன்று வல்லுநர்கள் மூச்சு விடவில்லை. நான்காவதாக, போயும் போயும், நெறியாளருக்கே அனுப்பிவிட்டாள். காலி நாற்காலியை ஆராய்பவள் ஊரில் ஒருத்திதான். கண்டுபிடித்து இரண்டு நல்ல வார்த்தை எழுதுவார் என்பது அவள் போட்ட கணக்கு.

பதில் வந்தது: ‘பதிப்பிக்கத் தகுதியற்றது. இந்த ஆய்வாளருக்கு நெறியாளர் என்று ஒருவர் இருந்ததற்கான அடையாளமே இல்லை.’ அடியில், பழக்கதோஷம், ‘பார்த்தேன்’.

தங்கை மகள் ஒரு பாட்டம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு, அந்த ‘பார்த்தேன்’ மட்டும் இல்லாமல் நகலெடுத்து, நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், மதிப்பீட்டாளர் இப்படி எழுதியிருக்காரு.”

படித்தார். காது சிவந்தது. “எவன்மா அவன்? நெறியாளரே இல்லையாமா? அந்தக் கட்டுரையக் கொண்டா, உட்காரு!”

அடுத்தவர் எழுத்தைத்தான் படிக்கமாட்டார் என்றிருந்தோம்; தன் எழுத்தும் அப்படித்தான் போலும். பத்து நாள் வரிவரியாகப் படித்து, பக்கமெல்லாம் சிவப்பு மையால் ரணகளமாக்கினார். இவள் திருத்தி எழுதினாள். தூங்கிய வல்லுநர்களில் இருவர் அதற்குள் விழித்துக்கொள்ள, கட்டுரை தேறியது. முதல் இதழ் வந்தது. கெடுவுக்கு நான்கு நாள் முன்பு ஆய்வேடும் போய்ச் சேர்ந்தது.

அந்த மதிப்பீட்டை எழுதியது தான்தான் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

“தெரியும் பெரியம்மா” என்கிறாள், தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பவள். “முதல் வரியிலேயே அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. காது சிவந்தது கோவத்துல இல்ல. பத்தாம் நாள் கதவைச் சாத்திட்டு, ‘அவன் எழுதினது சரிதாம்மா, பேரை மட்டும் வெளிய விட்டுடாதே’ன்னாரு.”