பட்டியலில் இல்லாதவள்

காபிக் கடையில் கோப்பைமேல் எழுதப் பெயர் கேட்டால் நேசமலர் ‘மேரி’ என்பாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வாயில் தன் பெயர் சிக்கித் தவிக்க வேண்டாம் என்ற இரக்கமெல்லாம் இல்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் தன் பெயரை உரக்கப் படிப்பதை அவளால் தாங்க முடியாது.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் அவர்கள் வீடு வாங்கி வெகுகாலமாகிவிட்டது. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு விளக்குத் தொங்கும்; தேர்தலுக்குப் புல்வெளியில் கட்சி அட்டை நிற்காது. உணவகத்துக்குப் போனால் கதவைப் பார்த்த நாற்காலி அவளுடையது. ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில், மூச்சுத் திணறுகிறவர்களுக்கு இயந்திரம் பொருத்திப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேயும் தேநீர் இடைவேளையில் அரசியல் பேச்சு வந்தால் எழுந்து கைகழுவப் போய்விடுவாள். எல்லோரும் அதை அடக்கம் என்று பாராட்டினார்கள். அடக்கத்துக்கும் ஒளிந்திருத்தலுக்கும் வெளிப்பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

அவள் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. குடியுரிமைச் சத்தியம் செய்த அன்று மண்டப வாசலில் மேசை போட்டு, புதிய குடிமக்களை வாக்காளர்களாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். கணவர் அரியரட்ணம் வரிசையில் நின்று பதிந்தார். அவள் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், கூட்டம் கலையும்வரை திரும்பவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கலியாணத்துக்கு முன்பே, அவள் ஊரில் நடந்த கதை அவருக்குத் தெரியும். அதன்பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் இருவரும் ஒன்றாகத்தான் காரில் போவார்கள். அவள் காரிலேயே இருப்பாள். அவர் வாக்களித்துவிட்டு, அங்கே கொடுக்கும் ‘நான் வாக்களித்தேன்’ ஸ்டிக்கரில் இரண்டு கேட்டு வாங்கி வருவார். இரண்டாவதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போவாள். சின்ன வயதில் மகள் துவாரகா அதைப் பிய்த்துத் தன் பள்ளிப் பையில் ஒட்டிக்கொள்வாள். அந்த மகள் இப்போது வளர்ந்து, விடுமுறை நாளெல்லாம் கட்சிக்காக வீடு வீடாகக் கதவு தட்டிக்கொண்டிருந்தாள்.

அதிபர் தேர்தல் வருட ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, நேசமலர் வீட்டார் தேவாலயம் போய்வந்தபின், மதியச் சாப்பாட்டுக்கு அதே தெருவில் இருக்கும் மகாதேவனும் ஸ்வர்ணாவும் வந்திருந்தார்கள். சென்னைக்காரர்கள், எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம். அவர்களுக்காக நேசமலர் மரக்கறியாகவே சமைத்து, இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். மேசையில் சொதியைவிடச் சூடாக இருந்தது வேறொரு விஷயம். துவாரகா ஆதரித்த அதிபர் வேட்பாளர், ஒரு பெண் செனட்டர், இரண்டு நாள் முன்னால்தான் தன் துணை வேட்பாளரை அறிவித்திருந்தார். யாரும் எதிர்பார்க்காத ஆள். ஷெரிஃபாக, அதாவது உள்ளூர்ப் போலீஸ் தலைவராக இருந்து ஒரு மாநிலத்தின் ஆளுநரானவர். அங்கே வெள்ளம் வந்தபோது, யார் யார் இந்த நாட்டில் இருக்க உரிமையுள்ளவர்கள் என்று பார்க்க, கையில் பட்டியல் கொடுத்து வீடு வீடாக ஆட்களை அனுப்பியவர். அறிவிப்பு மேடையில், அதை நாடு முழுக்கச் செய்வோம் என்று சொல்லிச் சிரித்தார். கூட்டம் கை தட்டியது.

“சார், இது சிம்பிள் கணக்கு,” என்றார் மகாதேவன். “நம்ம ஊர்ல கூட்டணி வெக்கறதில்லையா? அந்தம்மா தனியா நின்னா பாதி மாநிலத்துல டெபாசிட் காலி. பயந்து போய் இருக்கறவன் ஓட்டு வேணும்னா, போலீஸ்காரனப் பக்கத்துல நிறுத்தணும்.”

“அங்கிள், அந்த ஆள் வீட்டுக்கதவ உடைச்சவர்!” என்றாள் துவாரகா.

“உடைக்கலம்மா, தட்டினார். பேப்பர் சரியா இருந்தா டீ குடிச்சிட்டுப் போயிருப்பார். தப்புப் பண்ணாதவன் ஏன் பயப்படணும்?”

ஸ்வர்ணா இடியப்பத்தைப் பிட்டபடி கணவனை மடக்கினாள். “எதுக்கு இவ்ளோ சண்டை? கல்யாணத்துல மாப்பிள்ளையப் பாப்பாளா, மாப்பிள்ளைத் தோழனப் பாப்பாளா? அவன் பாட்டுக்கு ஓரமா கண்ணாடி போட்டுண்டு நிக்கப்போறான்.”

“மாப்பிள்ளைக்கு ஏதும் நடந்தா தோழன்தானே மணவறையில குந்துவான்,” என்றார் அரியரட்ணம்.

எல்லோரும் சிரித்தார்கள். நேசமலரும் உதட்டை அசைத்தாள். தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்ற கேள்வி அவள் காதுக்குள் நின்றுகொண்டது. கேட்டவர் நல்ல மனிதர். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் கொண்டுவருகிறவர். நல்ல மனிதர்கள் கேட்கும்போதுதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

“நேசா அக்கா, நீங்க சொல்லுங்கோ,” என்றாள் ஸ்வர்ணா. “நீங்க யாருக்குப் போடுவேள்? வாயத் திறக்கவே மாட்டேங்கறேளே.”

“இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?” என்றாள் நேசமலர்.

“அம்மா எப்பவும் இப்பிடித்தான், டாப் சீக்ரெட்,” என்று துவாரகா சிரித்தாள். “ஆனா அங்கிள், இந்தத் தெருவில ஒவ்வொரு வோட்டும் முக்கியம். பாருங்கோ.”

கைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். கதவு தட்டப் போகிறவர்களுக்குக் கட்சி கொடுக்கும் செயலி அது. அவர்களுடைய தெருவே படமாக விரிந்தது. ஒவ்வொரு வீட்டின்மேலும் ஒரு புள்ளி. புள்ளியைத் தொட்டால் அந்த வீட்டு வாக்காளர்களின் பெயர், வயது, போன தேர்தலில் வாக்களித்தார்களா என்பது வரை வந்தது.

“ஐயையோ, என் வயசு போட்டிருக்கே!” என்று ஸ்வர்ணா அலறினாள். “யாரக் கேட்டுப் போட்டா?”

“பப்ளிக் ரெக்கார்ட், ஆன்ட்டி.”

“இத்தனை வருஷமா என்கிட்ட ரெண்டு வயசு கம்மியா சொல்லிண்டிருந்தியே,” என்று மகாதேவன் வயிறு குலுங்கச் சிரித்தார். “நன்னா மாட்டின. சரி, இவா வீட்டக் காட்டும்மா. அக்கா வயசையும் பாத்துடலாம்.”

சொதிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நேசமலர் நின்றுவிட்டாள். அரியரட்ணம், “சாப்பாடு ஆறுது, பிறகு பாக்கலாம்,” என்றார். அதற்குள் துவாரகாவின் விரல் தொட்டுவிட்டது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு தாயை நிமிர்ந்து பார்த்தாள். நேசமலரின் கிண்ணத்திலிருந்து சொதி விளிம்பு தாண்டித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“லோட் ஆகுதில்லை,” என்று துவாரகா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “எங்கட வீட்டு வைஃபை எப்பவும் இப்பிடித்தான்.”

விருந்தாளிகள் போனபின் சமையலறையில் துவாரகா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அம்மா, லிஸ்ட்ல அப்பாவும் நானும்தான் இருக்கிறம். அப்ப அந்த ஸ்டிக்கர் எல்லாம்?”

நேசமலர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. ஊரில் கலவரம் நடந்தது, தாத்தா அதில் போய்விட்டார் என்பதுவரை மகளுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்துச் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் வார்த்தை வந்துவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலை மாதம், கொழும்பில் வெள்ளவத்தை. அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தமிழர் வீடுகளைத் தேடிக் கூட்டம் தெருவுக்குள் வந்தபோது முன்னால் வந்தவன் கண்ணாடி போட்டவன்; கையில் வாக்காளர் பட்டியல். ரயிலில் இருக்கை எண் சரிபார்க்கிறவன் மாதிரி, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து, வாசல் படலையடியில் நின்று அப்பாவின் முழுப்பெயரையும் பிழையில்லாமல் கூப்பிட்டான். அப்பா அரசாங்க உத்தியோகத்தர். வாழ்நாள் முழுக்க யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்து பதில் சொல்லிப் பழகியவர். “யெஸ்” என்று சொல்லிக்கொண்டு முன்னால் போனார். அம்மா அவளை இழுத்துக்கொண்டு பின்மதில் ஏறிக் குதித்தாள். அடுத்த வீடும் தமிழர் வீடுதான். ஆனால் புதிதாகக் குடிவந்தவர்கள். பட்டியலில் பெயர் ஏறியிருக்கவில்லை. கூட்டம் அந்த வீட்டைத் தாண்டிப் போனது. அந்த வீட்டுக்குள் ஒளிந்தபடி, மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் தாயும் மகளும் கேட்டார்கள்.

“அண்டைக்கு அவன்ர கையில இருந்தது உதுதான்,” என்றாள் நேசமலர், கவிழ்ந்து கிடந்த கைபேசியைப் பார்க்காமல். “இப்ப விரலும் தேவையில்லை. புள்ளி போட்டு வைச்சிருக்கு.”

துவாரகா கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டாள். பிறகு ஆங்கிலத்தில், இது அந்த நாடு இல்லை என்றாள். சொன்ன உடனே, அந்த ஆளுநரின் சிரிப்பு அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

“உன்ர பேரை எடுத்துவிடு, பிள்ளை,” என்றாள் நேசமலர். குரல் கெஞ்சியது. “அப்பாவின்ரையையும் எடு.”

“எடுத்தாலும் பழைய லிஸ்ட் எல்லாரிட்டையும் இருக்கும், அம்மா. இனி ஒண்டும் செய்ய ஏலாது.”

அன்று இரவும் அடுத்து வந்த இரவுகளும் நேசமலர் சரியாகத் தூங்கவில்லை. மருத்துவமனையில் ஒரு நோயாளியின் திரையில் மூச்சுக்கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. அதிபராக யார் வந்தாலும், அந்தத் தோழன் மணவறையில் உட்கார்ந்தாலும், ஒருநாள் வாசலில் வந்து நிற்பவன் இரண்டு பெயரைத்தான் கூப்பிடுவான். அவள் பெயரைக் கூப்பிடமாட்டான். இத்தனை வருடம் கழிப்பறையிலும் காரிலும் ஒளிந்து அவள் சம்பாதித்தது அதைத்தான். மறுபடியும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் உரிமை. பெயர் இல்லாத வீட்டில் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு மகள் கதவு தட்டும் வேலை முடிந்து வீடு வந்தபோது, “உன்ர பையுக்குள்ள அந்தக் கார்ட் இருக்கே?” என்று கேட்டாள். டெக்சஸில் வாக்காளர்களைப் பதிய, மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் அனுமதி வேண்டும். துவாரகா பயிற்சிக்குப் போய் அனுமதி வாங்கியிருந்தாள். பதிவு அட்டை எப்போதும் அவள் பையில் இருக்கும்.

“அம்மா, எனக்காகச் செய்ய வேண்டாம்.”

“உனக்காக இல்லை. கொண்டா.”

சமையல் மேடையில் வைத்து எழுதினாள். பெயர், விலாசம், பிறந்த தேதி. கையெழுத்திடும் இடத்தில் பேனா நின்றது. அரியரட்ணம் பக்கத்தில் வந்து நின்றார். கையெழுத்துப் போட்டு, மறுபடி படிக்காமல் அட்டையை மகள் பக்கம் தள்ளினாள். இதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் அது பிழை. ஒரு பயத்தை அதைவிடப் பெரிய பயம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு மாலை. அரியரட்ணம் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அழைப்பு மணி அடித்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். தொப்பி போட்ட ஒரு இளைஞன். தெருவில் அவன் கூட்டாளிகள் மற்ற வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கைபேசியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தான். விரல் நின்றது.

“நேசா… மலார்?” என்று உரக்கக் கூப்பிட்டான்.

வீட்டில் ஆள் இல்லாதது போல இருந்துவிடலாம். அவளுக்குப் பழக்கமான வேலை. கை பூட்டின்மேல் இருந்தது. அப்போது அவன் அடுத்த வரிகளைப் படித்தான். “அரியா… ரட்னம்? துவா… ரகா?”

கதவைத் திறந்தாள்.

“யெஸ்,” என்றாள். அது அவள் குரலாக இல்லை. “அவர்கள் யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.”

அவன் பல் தெரியச் சிரித்தான். மகளின் கட்சிக்காரன்தான். ஒரே ஒரு கேள்வி என்றான்: செனட்டர் தேர்ந்தெடுத்திருக்கும் துணை வேட்பாளரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அவரால் நீங்கள் வாக்களிக்கும் வாய்ப்புக் கூடுமா, குறையுமா?

“எனக்கு அவரைக் கண்டால் பயம்,” என்றாள் நேசமலர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அந்நியனிடம் அரசியல் பேசினாள்.

இளைஞன் கைபேசியைப் பார்த்தான். அதற்குரிய கட்டம் இல்லைபோல. கொஞ்சம் யோசித்து, “இன்னும் முடிவு செய்யவில்லை என்று போடட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்டு, எதையோ தொட்டுவிட்டு, நன்றி சொல்லிப் படியிறங்கினான்.

அவன் மகாதேவன் வீட்டைத் தாண்டித் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அரியரட்ணம் வந்து காரை நிறுத்தியபோது கதவு அகலத் திறந்து கிடந்தது.

“என்ன நேசம், ஏன் வெளியில இருக்கிறீர்? ஆர் வந்தது?”

“என்ர பேரைக் கேட்டுக்கொண்டு ஒருத்தன் வந்தவன்.”

அவர் முகம் வெளிறியது. “நீர் என்ன சொன்னீர்?”

“ஓம் எண்டு சொன்னன்.”

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வாசலை மறித்தாற்போல் உட்கார்ந்தார்.