விற்ற கை

லத்தீஃபாவின் கணவர் பாரூக், டிரென்டனில் மொபைல் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு நவம்பர் மாலை, மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், கடைக்குள் வந்த ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். பாரூக் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லாவைத் திறந்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். கேமராவில் அது தெளிவாகப் பதிந்திருக்கிறது. அப்படியும் அவன் சுட்டான்.

கீழக்கரையில் பிறந்து, கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவள் லத்தீஃபா. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு; பக்கத்திலேயே ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அவள் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஜனாஸா அடக்கம் நடந்த அன்றும் அப்படித்தான் இருந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

சுட்டவன் சீக்கிரமே பிடிபட்டான். அவனுக்குத் தண்டனை சொன்ன நாளில்தான் அந்தத் துப்பாக்கியின் கதை அவள் காதில் விழுந்தது. ஏற்கெனவே சிறை சென்றவன் என்பதால் அவனால் சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியாது. அடுத்த மாநிலத்தில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் அவனுடைய தோழி தன் பெயரில் வாங்கி அவனிடம் கொடுத்திருக்கிறாள். பொய் சொல்லி வாங்கியதற்காக அவளும் தண்டிக்கப்பட்டாள். விற்ற கடையை என்ன செய்தீர்கள் என்று லத்தீஃபா அரசு வழக்கறிஞரிடம் கேட்டாள். கடையின் மேல் வழக்கு எதுவும் இல்லை என்றார் அவர். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்ததை அவள் கவனித்தாள்.

அந்தப் பதிலோடு அவளால் இருக்க முடியவில்லை. பள்ளிவாசலில் விசாரித்து, இத்தகைய வழக்குகளை நடத்தும் கேரன் ஒல்சன் என்ற வழக்கறிஞரைத் தேடிப் போனாள். ஒல்சன் ஆசை காட்டவில்லை. வாங்கியவன் செய்யும் குற்றத்துக்குத் துப்பாக்கி விற்றவரைப் பொறுப்பாக்க விடாமல் ஒரு மத்திய சட்டம் காத்து நிற்கிறது. ஆனால் விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே விற்றிருந்தால் அந்தக் காப்பு செல்லாது. தெரிந்துதான் விற்றார்கள் என்று காட்ட வேண்டும், அதுதான் கஷ்டம், வருஷக்கணக்கில் ஆகும் என்றார்.

லத்தீஃபாவின் தம்பி ஆதில் கலிபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும் விமானம் பிடித்து வந்துவிட்டான்.

"லாத்தா, கன் ஷாப் மேல கேஸ் ஃபைல் பண்றது சாதாரண விஷயமில்ல. நம்ம பேரைப் பாத்தாலே ஆன்லைன்ல என்னென்னவோ எழுதுவாங்க. ஹஃப்சா காலேஜ்ல இருக்கா. அவளையாவது நெனச்சுப் பாருங்க" என்றான்.

"கெட்டுப்போன மருந்து பேட்ச்னு தெரிஞ்சும் நான் கையெழுத்துப் போட்டு வெளிய அனுப்பினா, என்னைக் கேக்காம விடுவாங்களா, ஆதில்?" என்றாள் லத்தீஃபா. "துப்பாக்கி வித்தவனை மட்டும் ஏன் யாருமே கேக்கல?"

வழக்குப் போட்டார்கள். ஆதில் பயந்தபடியே நடந்தது. முகம் தெரியாதவர்கள் எழுதியவற்றை மகள் ஹஃப்சா முதலில் அம்மாவிடமிருந்து மறைத்தாள். பிறகு இருவரும் சேர்ந்தே படிப்பதை நிறுத்தினார்கள். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கடைத் தரப்பு மனுப் போட்டது. நீதிபதி மறுத்தார். அதன்பின் அவர்களுடைய வக்கீல்கள் லத்தீஃபாவை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த மாதிரி இடத்தில் உங்கள் கணவர் ஏன் கடை வைத்தார்? காவலுக்கு ஏன் ஆள் போடவில்லை? எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். வீடு வந்து சேர்ந்தும் காரிலிருந்து இறங்க முடியாமல் கராஜிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன மனிதரையே குற்றவாளி ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு ஆறவில்லை.

துப்பாக்கியை விற்ற சேல்ஸ்மேன் டைலர் அந்தக் கடையிலிருந்து விலகி ஏதோ கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சத்தியம் செய்யவைத்து ஒல்சன் விசாரித்தபோது, லத்தீஃபாவும் அதே மேஜையின் இன்னொரு முனையில் இருந்தாள். இளம் வயது. டை கட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை என்பது தெரிந்தது. முதலில் எல்லாவற்றுக்கும் ஞாபகமில்லை என்றே சொல்லிவந்தான்.

அந்தப் பெண் தனியாக வந்தாளா என்று ஒல்சன் கேட்டார். இல்லை, கூட ஒரு ஆள் வந்தான் என்றான். துப்பாக்கியை எடுத்துப் பார்த்தது யார்? அந்த ஆள். இதுதான் வேண்டும் என்று சொன்னது யார்? அந்த ஆள். அவனை அதற்கு முன்னால் நீங்கள் பார்த்ததுண்டா?

டைலர் தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு லத்தீஃபாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

"அந்த வாரமே தனியாக வந்திருந்தான். பின்னணிச் சோதனையில் அவன் பெயர் தேறவில்லை. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"அப்படியானால் அந்தப் பெண்ணோடு வந்தபோது அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவள் பேரில் தடை இல்லையே, கொடுத்து அனுப்பு என்றார்."

லத்தீஃபா எழுந்து வெளியே போனாள். கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு, கணவர் இறந்த பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். ஒருவர் முடியாது என்று சொல்லியிருந்தால் போதும். அன்று மாலை பாரூக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

அதன்பின் துப்பாக்கிக் கடைக்காரர் சமரசத்துக்கு இறங்கி வந்தார். பெரிய நஷ்டஈடு தருவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான்: நடந்தது எதையும் லத்தீஃபா வெளியே பேசக் கூடாது. இதோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று ஆதில் போனில் கெஞ்சினான். கோர்ட்டில் தோற்றால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவன் சொன்னதும் பொய்யில்லை. ஹஃப்சா மட்டும், "டோன்ட் சைன் இட், உம்மா" என்றாள்.

லத்தீஃபா கையெழுத்துப் போடவில்லை. டைலர் சொன்னது ஊருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் தேர்ந்தெடுத்து இன்னொருவர் பெயரில் வாங்கினால் விற்கக் கூடாது. கடை அப்படி நடக்கிறதா என்று வெளியாள் வந்து சோதிக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் சமரசம் என்று சொல்லிவிட்டாள். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அது நெருங்கி வந்தபோது கடைத் தரப்பு இறங்கி வந்து எல்லாவற்றுக்கும் சம்மதித்தது. கையெழுத்தான அன்று கடைக்காரர் எழுந்து வந்து கையை நீட்டினார். அந்நிய ஆண்களோடு கை குலுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அன்று அது பெரிய உதவியாக இருந்தது.

கடையை மூடவில்லை, இன்றும் நடக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று லத்தீஃபா யாரிடமும் சொன்னதில்லை.

செய்தி வெளியாகிச் சில வாரம் கழித்து டெக்சஸிலிருந்து ஒரு போன் வந்தது. ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் இருக்கும் மீனாக்ஷி. அவர் மகனைச் சுட்ட துப்பாக்கியும் இப்படி யாரோ ஒருத்தர் பெயரில் வாங்கியதுதானாம். நான் கேஸ் போடலாமா என்று கேட்டார். லத்தீஃபா எதையும் மறைக்கவில்லை. வருஷங்கள் போகும், உங்கள் பிள்ளையைப் பற்றிக் காது கூசும்படி கேட்பார்கள், சட்டம் அவர்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, தோற்கவும் தோற்கலாம் என்றாள்.

"வக்கீலைப் பாக்கத் தனியாப் போகவே பயமா இருக்குங்க" என்றார் மீனாக்ஷி.

லத்தீஃபா லீவு போட்டுவிட்டு ஹூஸ்டனுக்கு டிக்கெட் எடுத்தாள். அந்த வக்கீல் அலுவலகத்தில் மீனாக்ஷிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பேசத் தொடங்கும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.