ரின்பால் வளர்த்த பிள்ளை

கடையிலிருந்து எந்தப் புதுச் சாமான் வீட்டுக்கு வந்தாலும் நான் அதை முதலில் மோந்து பார்ப்பேன். பிறகு தட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் குசினியில் அடுப்படி மூலையில் வைத்து, அது என்ன செய்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பட்டவளுக்குத்தான் தெரியும்.

வெள்ளைக்காரர் ஆண்ட, உலகச் சண்டைக்கு முந்திய காலம். நெடுந்தீவில் என் மூத்த பிள்ளை பிறந்து ஒன்றரை மாதத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பத்து நாள் பாயோடு கிடந்து எழும்பியபோது பால் வற்றிவிட்டது. அது நல்ல கோடை. வெளியில் புல் கருகி, எங்கள் இரண்டு மாடுகளும் எலும்பும் தோலுமாய் நின்றன. கறந்தால் செம்பின் அடி நனையும், அவ்வளவுதான். அதைக் கொடுத்தாலும் பிள்ளைக்கு வயிற்றாலடித்தது. என் கணவர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றார். வீட்டில் நானும் அவருடைய அக்காவும்தான். எனக்கு மச்சாள். வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்புக் கோர்வை அவருடைய இடுப்பில் இருந்தது.

எங்கள் கல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வேதக்காரக் குடும்பம். வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். அந்த மனிசிக்கு என் பிள்ளையைவிட இரண்டு கிழமை மூத்த ஆண்பிள்ளை ஒன்று இருந்தது. பாலுக்கும் குறைவில்லை. என் பிள்ளை வீரிட்டு அழுத ஒருநாள் அவர் வேலியடிக்கு வந்தார்.

"தங்கச்சி, பிள்ளையை இஞ்சாலை தாரும். ரெண்டு பிள்ளையளுக்கும் குடுக்க என்னட்டைப் பால் காணும்."

மச்சாள் குசினிக்குள் இருந்தபடியே மறுமொழி சொன்னார். "வேதக்காரியின்ரை பாலைக் குடிச்சு வளர வேண்டிய தேவை எங்கடை பிள்ளைக்கு இல்லை. பால் அனுப்பச் சொல்லித் தம்பிக்குக் கடிதம் போட்டிருக்கிறன்."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மச்சாளுக்குப் பயந்து என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. கேளாமலே கொடுக்க வருகிறாரே, இதற்குப் பின்னால் என்ன கிடக்கிறதோ என்று என் மனமும் ஓடியது. நாளைக்குப் பிள்ளையை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் வார்த்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

அடுத்த வள்ளத்தில் என் கணவர் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பன்னிரண்டு தகரப் பேணிகளில் அடைத்த ரின்பால். கூடவே கடிதம். வெள்ளைக்காரத் துரைமாரின் பிள்ளைகள் இதைக் குடித்துத்தான் வளர்கின்றன, மாட்டுப்பாலைவிட இது திறம், சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும் என்று எழுதியிருந்தார். பேணியைச் சுற்றியிருந்த கடதாசியில் மடி கனத்த ஒரு பசுவின் படம். சுற்றிவர இங்கிலீசு எழுத்து. நெடுந்தீவில் அப்படிக் கொழுத்த பசுவை நான் கண்டதில்லை. என் சந்தேகம் அந்தப் பசுவிலேயே தொடங்கியது.

உடைத்துப் பார்த்தேன். பால் என்றால் ஒழுக வேண்டும், இது பாகுபோல் இழுபட்டது. கிண்ணத்தில் இரண்டு நாள் வைத்தும் புளிக்கவில்லை. புளிக்காத பால் என்ன பால்? பூனைக்கு வைத்தேன். நக்கிக் குடித்துவிட்டு அடுத்தநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றது. எறும்பு வரிசை கட்டி வந்தது. பூனையும் எறும்பும் சம்மதித்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆனால் பிள்ளை பசியில் தன் கையையே சூப்பிக்கொண்டு கிடந்தது. சங்கில் வார்த்துப் பருக்கினேன்.

ஒரு மாதத்தில் பிள்ளை பூரித்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். "தம்பி அனுப்பின பால்" என்று மச்சாள் போகிற வீடெல்லாம் சொல்லித் திரிந்தார். "அழுறதே இல்லை. தங்கமான பிள்ளை."

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பசித்தாலும் அழவில்லை. நனைந்து கிடந்தாலும் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை. வேலிக்கு அப்பால் அந்த ஆண்பிள்ளை காலை உதைத்து, தாயின் செபமாலையைப் பிடித்து இழுத்து, ஒரே அட்டகாசம். என்னுடையது வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. ஒருநாள் குளிக்க வார்க்கும்போது அதன் புறங்காலை விரலால் அமத்திப் பார்த்தேன். குழைத்த மாவில் அமத்தியதுபோல் குழி விழுந்து, எழும்பாமல் நின்றது. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொழுத்த பிள்ளை எண்டால் உப்பிடித்தான். பெத்த தாயே கண்ணூறு போடாதை."

அடுத்தநாள் காலை மச்சாள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, பிள்ளையையும் உடைக்காத பேணி ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஆஸ்பத்திரி என்றால் ஓர் அறையும், டாக்குத்தருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் ஓர் அப்போதிக்கரியும்தான். அவர் பிள்ளையின் காலை அமத்தினார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், என்ன கொடுக்கிறீர் என்று கேட்டார். நான் பேணியை மேசையில் வைத்தேன். அவர் பசுவைப் பார்க்கவில்லை. பேணியைத் திருப்பி, அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடந்த ஒரு வரியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார்.

"குழந்தைப்பிள்ளையளுக்குக் குடுக்கக் கூடாது எண்டு போட்டுக் கிடக்கு, தங்கச்சி."

"ஆர் ஐயா போட்டது?"

"செய்தவன்தான். கொழுப்பு முழுக்க எடுத்துப்போட்டுச் சீனியைச் சேர்த்து அடைக்கிற பால் இது. தேத்தண்ணிக்கு விடலாம். உம்முடைய பிள்ளையிலை கிடக்கிறது சதையில்லை, நீர்."

"தப்புமோ?"

"முலைப்பால் குடுக்க ஆரும் இருக்கினமோ? இருந்தால் இண்டைக்கே குடும். இன்னும் ஒரு கிழமை போனால் என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வேதக்கார வீட்டுப் படலையைத் திறந்தேன். அந்த வீட்டு அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். சங்கில் குடித்துப் பழகிய பிள்ளைக்கு உறிஞ்சுவது மறந்துபோயிருந்தது. மூன்று நாள் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வாயில் விட்டார். மச்சாள் கல்வேலிக்கு மேலால் எட்டி நின்று கத்தினார்.

"தம்பி வரட்டும், எல்லாம் சொல்லுறன்!"

"வரட்டும் மச்சாள். எனக்கும் அவரிட்டைக் கேக்க ஒண்டு கிடக்கு."

மச்சாளுக்கு நான் திருப்பிச் சொன்ன முதல் வார்த்தை அது.

வீக்கம் வற்ற வற்றத்தான் எனக்குப் பயம் பிடித்தது. நீர் வடிந்த பிறகு அந்தத் துணிக்குள் மிஞ்சியது ஒரு பிடி எலும்பு. பார்க்க வந்தவர்கள், நல்ல பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். நாலாம் கிழமை ஒரு மத்தியானம், அக்கா பால் கொடுக்கக் கொஞ்சம் சுணங்கிவிட்டார். பிள்ளை வாயைத் திறந்து ஊரைக் கூட்டியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

புதியதெல்லாம் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அப்போதிக்கரியும் எங்கள் தீவுக்குப் புதியவர்தான். பழைய மாட்டுப்பாலும் என் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. ஆனால் மாடு என் கண்முன்னே நிற்கிறது. என்ன மேய்ந்தது, எந்தத் தண்ணீர் குடித்தது என்று எனக்குத் தெரியும். பேணியோ தன் குற்றத்தை எனக்கு விளங்காத பாஷையில் ஒத்துக்கொண்டு, எனக்கு விளங்குவதற்குப் பசுவின் படத்தை மட்டும் காட்டியது. அந்தக் கள்ளத்தனத்தைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

தைப்பொங்கலுக்கு என் கணவர் வந்தார். மச்சாள் சொன்ன முறைப்பாடு முழுவதையும் கதிரையில் சாய்ந்திருந்து தேநீர் குடித்தபடி கேட்டார். மச்சாள் எழும்பிப் போனதும் நான் பேணியைக் கொண்டுபோய் அந்த வரியைக் காட்டினேன்.

"இதை ஒருக்கால் வாசியுங்கோ."

அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"அனுப்பேக்கையே தெரியும். உது சட்டத்துக்காகப் போடுறது எண்டு முதலாளி சொன்னவர். எவ்வளவு சனம் வாங்குது, ஒருத்தரும் வந்து குறை சொல்லேல்லை. நீர் உதைப் பெரிசா எடுக்காதையும்."

நான் பேணியை அவர் முன்னால் வைத்தேன். "பிள்ளைக்கெண்டு வாங்கிறவையும் இருக்கினமோ?"

"இருக்கினம்."

"அவையளுக்குச் சொல்லுறனீங்களோ?"

அதற்குள் பிள்ளை தவழ்ந்து வந்து அவருடைய வேட்டியைப் பிடித்து எழும்பப் பார்த்தது. அவர் தூக்கி மடியில் வைத்தார். "இப்ப நல்லாத்தானே இருக்கிறாள்," என்றார்.

"ஓம், இவள் இருக்கிறாள்," என்று சொல்லி நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

பத்து நாள் நின்றுவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார். மாதம் ஒரு கடிதம் ஒழுங்காக வந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்ததா, மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று எல்லாம் விசாரித்து எழுதுவார். நானும் எல்லாவற்றுக்கும் மறுமொழி எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: அந்தப் பாலை இன்னும் பிள்ளைக்காரிகளுக்கு விற்கிறீர்களா? அந்த ஒரு வரிக்கு மட்டும் அவர் மறுமொழி எழுதியதே இல்லை.