காரணம் சொல்லாம எழுதின விடை

"இல்ல, நான் தூங்கல," அப்படின்னாரு டெஸ்மண்ட்.

அவரு தூங்கினாரான்னு யாருமே கேக்கல. வின்னி கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பேப்பரப் பாத்துட்டு இருந்தாங்க. க்ளின் தட்டுல இருந்த பட்டாணிய ஒண்ணொண்ணா குத்திட்டு இருந்தாரு.

"தூங்கலைன்னா சரி கண்ணு," னாங்க வின்னி. "குறட்டை மட்டும் தனியா வந்துச்சு போல."

ஹாலிஃபாக்ஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற பப்புல, சனிக்கிழமை மத்தியானம்னா ஜன்னலோர மேசை இந்த மூணு பேருக்குத்தான். டெஸ்மண்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. வின்னி ஸ்கூல்ல சமையல் பாத்தவங்க. க்ளின் ரயில்வேயில சிக்னல் பாத்த வேல்ஸ்காரரு. அன்னிக்குப் பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்த சேர்ந்து போடுவாங்க. லேசுப்பட்ட குறுக்கெழுத்து இல்ல அது. குறிப்பு ஒரு பக்கம் கைகாட்டும், விடை வேற பக்கம் ஒளிஞ்சு நின்னு சிரிக்கும். முடிச்சா சாயங்காலமே தபால்ல போட்டுருவாங்க. பரிசுன்னு எதுவும் வந்ததில்ல. ஆனா தப்பா ஒண்ணு போனதும் இல்ல.

ஏன்னா அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. விடை தோணினா மட்டும் பத்தாது, ஏன் அதுதான்னு சொல்லணும். மத்த ரெண்டு பேரும் தலையாட்டணும். அப்புறம்தான் எழுதணும், அதுவும் மையில. அடிச்சுத் திருத்தின தாள அனுப்பறதில்ல. பேனா டெஸ்மண்ட் கையில. க்ளினுக்கு அதுமேல ரொம்ப நாளா ஒரு கண்ணு.

டெஸ்மண்டுக்கு உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருந்துச்சு. மக பிரயோனி நர்சு. அவளுக்கு ராத்திரி ட்யூட்டின்னா, கைக்குழந்தை மேபலப் பாத்துக்கறது இவருதான். கீழ படுக்க வச்சா கத்தும். தோள்ல போட்டுக்கிட்டா, பூனைக்குட்டி மாதிரி கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டு, இவரு சட்டைக் காலர இத்துனூண்டு கையால பிடிச்சுக்கும். அந்தப் பிடிய விடுவிக்க எவனுக்கு மனசு வரும்? விடிய விடிய நடப்பாரு.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் குழந்தைய பிரயோனி வச்சுக்குவா. அதுக்கும் இப்ப வேட்டு. அடுத்த வாரத்துலேருந்து அவளுக்கு சனிக்கிழமை பகல்லயும் ட்யூட்டி. இனிமே மேசைக்கு வர முடியாதுன்னு சொல்லத்தான் வந்தாரு. வந்ததுலேருந்து இன்னும் சொன்னபாடில்ல.

"இந்த மூலை வரவே மாட்டேங்குதே," னாரு க்ளின். "இந்தப் பதினேழாம் நம்பர் விடை சரிதானா?"

"மையில இருக்கேய்யா," னாங்க வின்னி. "டெஸ்மண்ட் எழுதினது. தப்பாவா இருக்கும்?"

டெஸ்மண்டுக்கு சுருக்குன்னுச்சு. பதினேழ எப்ப எழுதினோம்? இவங்க ரெண்டு பேரும் சாப்பாடு சொல்ல எழுந்து போனாங்களே, அப்ப. கண்ணு சொக்கிச்சு. ஏதோ ஒரு வார்த்தை கட்டத்துக்குச் சரியா உக்காந்துச்சு. கை தானா எழுதிருச்சு. ஏன்னு கேட்டா ஒரு காரணமும் இல்ல.

"அது..." குவளைய நகர்த்தி வச்சாரு. "காரணமில்லாம எழுதிட்டேன்."

க்ளின் முள்ளுக்கரண்டிய கீழ வச்சாரு. "என்னது?"

"தோணிச்சு, எழுதிட்டேன். உங்ககிட்ட கேக்கல."

"அடப்பாவி மனுஷா! நான் ஒரு தடவ கேக்காம பென்சில்ல எழுதினதுக்கு ஒரு மாசம் என்னைக் கிழிச்சியே!" க்ளினுக்கு வாயெல்லாம் பல்லு. "பேனாவக் குடு. ஒரு வாரத்துக்கு என்னுது."

டெஸ்மண்ட் பேனாவ மூடி நீட்டினாரு. "எடுத்துக்கோ. அடுத்த வாரமும் வச்சுக்கோ. அதுக்கப்புறமும் நீயே வச்சுக்கோ."

க்ளின் சிரிப்ப நிறுத்திட்டாரு. பேனாவ வாங்க நீட்டின கைய இழுத்துக்கிட்டாரு. "எதுக்குய்யா?"

அப்பதான் சொன்னாரு. ட்யூட்டி, குழந்தை, எல்லாம். சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு கொட்டாவி.

வின்னி கண்ணாடியக் கழட்டினாங்க. "இவ்வளவுதானா? குழந்தையத் தூக்கிட்டு வா."

"பப்புக்கா? பால் பாட்டிலோடவா?"

"இங்க யாரு கையில பாட்டில் இல்ல, சொல்லு பாப்போம்."

"உனக்குத் தெரியாது வின்னி. தள்ளுவண்டிய ஓட்டிக்கிட்டே இருக்கணும். நின்னா ஊரையே கூட்டிரும்."

"நான் ஓட்டறேன்," னாரு க்ளின். "வெளிய முற்றத்துல சுத்திச் சுத்தி வர்றேன். விடை தெரிஞ்சா ஜன்னல் வழியா கத்தறேன்."

"நீ கத்தினா குழந்தை முழிச்சுக்கும்யா," னாங்க வின்னி.

"முழிக்கட்டும். காரணமில்லாம எழுதற தாத்தாவ நல்லா பாத்து வச்சுக்கட்டும்."

டெஸ்மண்ட் குவளையக் காலி பண்ணினாரு. சிரிக்கணும்னு பாத்தாரு, அதுக்குக்கூட தெம்பில்ல. அன்னிக்குத் தாளு தபாலுக்குப் போகல. இவரு கோட்டு மாட்டறப்ப க்ளின் பேனாவ இவரு பாக்கெட்டுலயே சொருகிட்டு, எங்கயோ பராக்கு பாக்கற மாதிரி திரும்பிக்கிட்டாரு.

மேடேறி வீட்டுக்கு நடக்கறப்ப மழை தூறிச்சு. நாலு எட்டுக்கு ஒரு தடவ நின்னு மூச்சு வாங்கினாரு. பாக்கெட்டுல கைய விட்டு, பேனா இருக்கான்னு பாத்துக்கிட்டாரு. தள்ளுவண்டிக்கு மழைக்கு மூடி ஒண்ணு வாங்கணும், முற்றத்துல சுத்தறதுன்னா நனையும்னு நெனச்சாரு. பிரயோனிகிட்டயும் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கறது? இன்னிக்குக் காலையிலதான் அவ ட்யூட்டி முடிச்சு வந்து, ஷூவக்கூட கழட்டாம வாசல்லயே நின்னு, "அப்பா, சனிக்கிழமை ட்யூட்டி முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிடட்டுமா? உங்களுக்கு உங்க ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களே?" ன்னு கேட்டாளே. இவரு தோள்ல மேபல் தூங்கிட்டு இருந்துச்சு.

"எனக்கு என்னம்மா வேலை?" ன்னு அப்ப சொல்லியிருந்தாரு. "சும்மா நாலு கட்டத்த ரொப்பப் போறேன், அவ்வளவுதானே."