நாய்க்குச் செரிமானப் பொடி

எங்கள் தோட்டக் குடியிருப்பில் ஒரு வீட்டு நாய் மெலிந்தால், அந்த வீட்டுக்காரி கஞ்சப் பிசினாறி என்று அர்த்தம். வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. போன வருடம் என் நாய்க்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

நான் மூன்று வேளையும் தட்டு நிறையப் போட்டேன். அத்தனையையும் தின்றுவிட்டு, தின்றதைச் செரிக்காமல் அப்படியே மலமாக வெளியே தள்ளியது. எழுந்து நின்றால் பின்னங்கால் நடுங்கியது. செத்துவிடுமோ என்று பயந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதன் எலும்பை எண்ணுவார். "ஏன் புள்ள, நாய்க்கு ஒரு வாய் சோறு போட்டா கொறஞ்சா போயிடும்?" என்பார். நாங்கள் இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆகவே அங்கேயும் என் கஞ்சத்தனம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சிரம்பானில் மிருக டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கணையத்தில் செரிமான நொதி சுரக்கவில்லை, எவ்வளவு தின்றாலும் உடம்புக்குப் பட்டினிதான் என்றார். அந்த நொதியைப் பொடியாக ஒரு டப்பாவில் கொடுத்தார். சோற்றை ஆறவைத்துத்தான் கலக்க வேண்டும், சூட்டில் பொடி வீணாகிவிடும். பொடி இல்லாமல் ஒரு கவளம்கூட உள்ளே போகக் கூடாது. ஒரு மாதம் பக்தியோடு கலந்து வைத்தேன். நாய் தேறவில்லை. வேறு எங்காவது சாப்பிடுகிறதா என்று டாக்டர் கேட்டார். என் நாய் அப்படியெல்லாம் போகாது என்று கோபமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் பின்வாசலுக்கு வந்தால், அக்கா வேலி இடுக்கில் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றிய சோறு, மேலே கோழித்தோலும் கொழுப்பும். இது தினமும் நடக்கிறதாம். எல்லாம் இரக்கத்தால்.

"போடாதீங்கக்கா, அதுக்குச் செமிக்காத வியாதி" என்றேன்.

"நாய்க்குச் செமிக்காதா? அது செருப்பையே தின்னு செமிக்கும்லா. நீயும் போடமாட்ட, போடறவளையும் விடமாட்ட."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலி இடுக்கை அடைத்தேன். தட்டு முன்வாசல் வழியாக வந்தது. நாயைக் கட்டிப்போட்டேன். நான் இல்லாத நேரத்தில் தட்டு அங்கேயும் வந்தது. கட்டிவைத்துப் பட்டினி போடுகிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சானது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் நாயால் வாசல்படி ஏற முடியவில்லை. அதைத் தூக்கி உள்ளே வைத்தேன். கையில் கனமே இல்லை. என் ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, பொடியில் பாதியைப் பிஸ்கட் டின்னில் கொட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"நான் போட்டா தேற மாட்டேங்குதுக்கா. எனக்குக் கைராசி இல்ல. நீங்களே போடுங்க. சோத்த நல்லா ஆறவச்சு, இதுல ஒரு கரண்டி கலந்துடுங்க. கொழுப்பு மட்டும் வேணாம்."

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

சொன்னபடியே செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக விலா மறைந்தது. ரோமம் பளபளத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், பத்துப் பேர் நடுவில், அக்கா என் தோளில் கை வைத்தார். "பாவம், இவளுக்கு நாய் வளக்கத் தெரியல. நான் போட்ட சோத்துலதான் அது பொழச்சுச்சு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பதில் நாக்கு நுனிவரை வந்தது. "ஆமாக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து, புது டப்பாவைப் பிரித்து, அவருடைய பங்கை எடுத்துக்கொண்டு போனேன். நாய் அவர் வாசலில் கொழுகொழுவென்று படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.