ஜினெத் வாசித்த ஜிக்

போன கிழமை பெறாமகள் தன் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினாள். மணமக்கள் ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் வரும் இடத்தில் வயலினில் ஒரு ஜிக், துள்ளி ஆடுகிற மெட்டு. "இது ஐரிஷ் ட்யூன் சித்தி, சரியான பழசு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி உண்மைதான். ஆனால் அந்த மெட்டு நம்மவர் கல்யாணங்களுக்குள் எந்த வாசலால் நுழைந்தது என்று என்னைவிடத் தெரிந்தவர் மொன்றியலில் இல்லை. அடித்துச் சொல்வேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மொன்றியலுக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அட்டை வாசமும் நனைந்த சப்பாத்து வாசமும் அடிக்கும் சாப்பாட்டு அறையில், என்னோடு வேலை செய்த ஜினெத் மத்தியானங்களில் வயலினை எடுப்பாள். கதிரையில் இருந்தபடியே இரண்டு காலாலும் தரையைத் தட்டி வாசிப்பாள். கெபெக்காரர் வழக்கம் அது. அவளுடைய தகப்பன் ஒரு ஐரிஷ் மரவெட்டியிடம் பழகிய ஜிக்காம். மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கிறவள் என்ற திமிரில் நாலே மத்தியானத்தில் பிடித்துவிட்டேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாளத்தில் ஒரு அடி கூடுதலாக விழுந்தது. அதை மட்டும் விட்டுவிடாதே என்றாள்.

அந்த வருஷம் கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் அதற்குப் பிள்ளைகளை ஆடவைத்தோம். ஒத்திகையில் அந்தக் கூடின அடி வந்ததும் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். குழுவை நடத்திய அருள் அண்ணை தாளப்பிழை பொறுக்கமாட்டார். "பிள்ளை, உன்ர சிநேகிதியின்ர தகப்பன் கிழவன் எங்கையோ கணக்குப் பிழைச்சிட்டான். அதை வெட்டிவிடு." வெட்டினேன். மெட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கும் பெருமைதான்.

விழாவுக்கு ஜினெத்தையும் அழைத்திருந்தேன். பின்வரிசையில் இருந்து காலால் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் சுற்று முடிந்ததும் கால் நின்றது, பிறகு தட்டவேயில்லை.

திங்கட்கிழமை, என் அரைகுறை பிரெஞ்சுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். தகப்பன் வீட்டுக் குசினியில்தான் எல்லாரும் ஆடுவார்களாம். நடுவில் பெரிய விறகடுப்பாம். அதைச் சுற்றித் திரும்ப இன்னும் ஒரு அடி வேண்டுமாம். "வீட்டை விற்றுவிட்டோம். அடுப்பு பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த அடிதான் மிச்சம் இருந்தது."

வெட்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். தோளில் தட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு என் முன்னால் அந்த மெட்டை அவள் வாசிக்கவில்லை. பேந்து கிடங்கும் மூடப்பட்டது, அவள் எங்கே போனாள் என்று தெரியாது.

ஒளிவிழாப் பிள்ளைகள் வளர்ந்து, வயலினும் பழகி, கல்யாணம் கல்யாணமாக வாசித்து, டொரொன்டோ வரை அதைக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாம் நான் வெட்டிய மெட்டுத்தான். சில நாள் கதவைச் சாத்திவிட்டு நானே வாசித்துப் பார்ப்பேன். அந்த அடி எங்கே விழவேண்டும் என்று நன்றாகத் தெரியும். கைதான் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.