என் மங்கில் விழுந்த ஒரே கொட்டை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் எனக்கு இருபது வயது. போனவர் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கப் பட்டியல் வந்திருந்தது. ஒருவர் மட்டுமே உழைக்கும் வீடுகளை விட்டுவிடும்படி ஜப்பான்கார அதிகாரியிடம் பேச வேண்டும். யார் பேசுவது என்று இளவட்டங்கள் நாங்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்வதாக ஏற்பாடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காளியம்மா நின்றாள். "பேச நான்தான்லா சரியான ஆளு!" என்று மார்தட்டி நானும் நின்றேன். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று வைத்தார்கள். தமக்குப் பிடித்தவர் மங்கில் ஒரு ரப்பர் கொட்டை போட வேண்டும்.

ஓட்டு நடக்கும்போதுதான், பக்கத்துத் தோட்டத்தில் இப்படிப் பேசப் போனவர் முன்பல் இல்லாமல் திரும்பிய கதை காதில் விழுந்தது. என் கொட்டையைக் காளியம்மாவுக்கே போட்டுவிட்டு, வந்தவர்களிடமெல்லாம், "அண்ணே, எனக்குப் போட்றாதீங்க!" என்று கெஞ்சினேன்.

கவிழ்த்துப் பார்த்தால் என் மங்கில் ஒரே ஒரு கொட்டை.

"எந்தப் பாவி போட்டது?" என்றேன்.

"நான்தாண்ணே," என்றாள் காளியம்மா. "மொத ஆளா வந்து போட்டேன். என்னைவிட நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு நம்புனேன்."

அவள் பின்னாலேயே நானும் அதிகாரியிடம் போனேன். பேசியது அவள், அறை வாங்கியது நான். பட்டியலிலிருந்து நான்கு பெயர்கள் நீங்கின.

இப்போதெல்லாம் ஓட்டுச் சாவடியில் பென்சிலை எடுத்ததும், பயந்து போடுகிறேனா, நம்பிப் போடுகிறேனா என்று சற்று நின்றுவிடுகிறேன். வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.